என் விரலை நார்மல் என்று எழுதியவர்

நந்தினிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். மலையில் சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. புது ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டருடைய ஓ.பி.யில் உன்னை நர்ஸாகப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, அவர் பெயரையும் சொன்னாய். "அந்த டாக்டர்தாம்மா போல. ஆனா நல்ல மனுசனா இருக்காரு. யாரையும் அதட்டறதில்ல. எந்த ஊர்னு கேட்டாரு, புதூர்நாடுன்னேன். அங்க பலாப்பழம் நல்லா இருக்குமேன்னாரு. நான் யாருன்னு சொல்லட்டா, வாணாமா?" என்று கேட்டாய். அந்த இடத்தில்தான் வைத்தேன். அதற்கு மேல் பேசியிருந்தால் உன்னிடம் சொல்லக்கூடாத வார்த்தை ஏதாவது வாயில் வந்திருக்கும்.

நல்ல மனுஷன் என்று நீ சொன்னதை மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். இருக்கலாம். உனக்கு நல்லவராக இருக்கட்டும். இடது கையால் ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது, அதனால் இந்தக் கடிதத்தைச் சாமைக் கொல்லைக்குப் போய்வந்து, உட்கார்ந்து, எழுந்து, இப்படித்தான் எழுதுகிறேன். நீ கேட்டதற்குப் பதில் கடைசியில் வரும். அதற்கு முன்னால் நீ ஹாஸ்டலில் இருந்ததால் உனக்கு அரைகுறையாகத் தெரிந்ததையும், நான் உன்னிடம் மறைத்ததையும் எழுதிவிடுகிறேன். படித்த பிறகு அவரை நல்லவர் என்று சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

நீ ஆறாவது படிக்கும்போது எனக்குக் கை போனது. மலையடிவாரத்து ஷூ கம்பெனியின் பஸ் காலையில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். எனக்குத் தோல் வெட்டுகிற பிரஸ்ஸில் வேலை. தோலை விரித்து, அதன்மேல் அச்சை வைத்து, இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பட்டனை இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல்தட்டு இறங்க வேண்டும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் வேகம் போதவில்லை என்று சூப்பர்வைசர் ஒரு பட்டனை அழுத்தின மாதிரியே டேப் போட்டு ஒட்டிவைத்திருந்தார். இடது கை பட்டனில் இருந்தது, வலது கை அச்சை நகர்த்திக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். மோதிர விரல் அடியோடு போயிற்று. நடுவிரலும் ஆள்காட்டி விரலும் தைத்து நிறுத்தப்பட்டன, ஆனால் மடங்கவில்லை. மயக்கம் தெளியாத நிலையில் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை நீட்டினார். நான் அவசரப்பட்டு கையை விட்டேன் என்று அதில் இருந்தது. இடது கைக் கட்டைவிரலை வைத்தேன். பத்தாவது வரை படித்தவள் கைநாட்டு வைத்தேன், நந்தினி. அது என் முதல் தப்பு.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் நீ லீவில் வந்தபோது உன் முடியைக் கழுத்துவரை வெட்டிவிட்டேன். தலையெல்லாம் பேன் என்று சொன்னேன். நீ இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. உன் தலையில் பேன் இல்லை. என்னால் பின்ன முடியவில்லை. மூன்று காலாகப் பிரித்துப் பிடிக்க எனக்கு விரல் இல்லை. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அரிவாள் பிடிக்க வராது, துணி பிழிய வராது, புளி தட்ட வராது. அதையெல்லாம் உன் அப்பா செய்தார், ஊரில் யாரும் பார்க்காதபோது.

ஒரு வருஷம் கழித்து தொழிலாளர் காப்பீட்டின் மருத்துவ வாரியத்துக்குக் கூப்பிட்டார்கள். எத்தனை சதவீதம் ஊனம் என்று அவர்கள் போடுவதை வைத்துத்தான் மாதாமாதம் பணம் வரும். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நீ பெயர் சொன்ன அந்த எலும்பு டாக்டர் நடுவில். அவர்தான் எழுதுகிறவர், மற்ற இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறவர்கள். கையை மேஜைமேல் வைக்கச் சொன்னார். வைத்தேன். கண்ணாடிக்கு மேலாக ஒருதரம் பார்த்தார். தொடவில்லை. மடக்கிக் காட்டச் சொல்லவில்லை. எழுதிக்கொண்டே கேட்டார்.

"வீட்ல சமைக்கிறது யாரு?"

"நான்தான் சார்."

அந்த "நான்தான்" இருக்கிறதே, அதை நான் எத்தனை தரம் திரும்ப நினைத்திருக்கிறேன் தெரியுமா? இடது கையால் கரண்டி பிடித்து, பானையைத் துணி சுற்றி மணிக்கட்டில் தாங்கி இறக்கி, இரண்டு தரம் கஞ்சியைக் காலில் கொட்டிக்கொண்டு சமைக்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். என் குடும்பத்துக்கு இன்னொருத்தர் ஆக்கிப்போடவில்லை என்று காட்டிக்கொள்ளும் வீம்பு எனக்கு. அவர் எழுதினார், மணியை அடித்தார், அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். ஜீப்புக்குக் காத்திருந்த நேரத்தில் கால்வாசிகூட அந்த அறையில் நான் இருக்கவில்லை. பேனா பிடித்தவன் கேள்வி கேட்கும்போது வீம்பு காட்டாதே, நந்தினி. வலி இருந்தால் வலி என்று சொல். முடியாததை முடியாது என்று சொல். உன்னிடம் வருகிற நோயாளிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடு.

ஏழு சதவீதம் என்று தபால் வந்தது. விரல் போனதற்கு அட்டவணையில் இருப்பதைப் போட்டிருந்தார்கள், மடங்காத விரல்களுக்கு ஒன்றுமே இல்லை. "வீட்டு வேலைகள் அனைத்தையும் செய்கிறார், பிடிப்புச் சக்தியில் குறைவில்லை" என்று ஒரு வரி. அன்று கொல்லையில் நின்று இடது கையால் மண்ணை வாரித் தூற்றினேன். அந்த ஆளின் கை விளங்காமல் போக வேண்டும் என்று பெயர் சொல்லி வாய்விட்டுச் சபித்தேன். உன் அப்பா பின்னால் வந்து நின்று, "இன்னாத்துக்கு இந்தப் பேச்சு? வுட்டுடு. நம்ம கொல்லை இருக்குது, பொழைச்சிக்கலாம்" என்றார். நான் விடவில்லை. சண்டை என்னவோ பணத்துக்காக ஆரம்பித்ததுதான். சீக்கிரமே பணம் மறந்துபோயிற்று. அந்த ஆளை யாராவது நிறுத்திவைத்து, ஏன்யா இப்படி எழுதினாய் என்று கேட்க வேண்டும். அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் மிச்சம்.

மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனேன். அவர்கள் பழைய அறிக்கையைப் புரட்டிவிட்டு, மாற்றக் காரணம் இல்லை என்றார்கள். அங்கேயும் யாரும் என் கையைத் தொடவில்லை. வேலூரில் ஒரு வக்கீலைப் பிடித்து, தொழிலாளர் காப்பீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டேன். வாய்தாவுக்கு வாய்தா விடியற்காலையில் ஜீப்பில் தொங்கிக்கொண்டு இறங்கினேன். சில நாள் நீதிபதி விடுப்பு, சில நாள் எதிர்த் தரப்பான காப்பீட்டுக்காரர்கள் வரவில்லை. அந்த டாக்டரைக் கூண்டில் ஏற்றுங்கள் என்று வக்கீலிடம் ஒவ்வொரு தரமும் கேட்பேன். சம்மன் அனுப்பக் கேட்டு மனுவும் போட்டார். அறிக்கையே போதும், டாக்டர் வர வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது உன்னிடம் மறைத்த பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதாவது படிக்கும்போது உனக்கு வயிற்றுவலி வந்து ஜீப்பில் கீழே கொண்டுபோனேன் அல்லவா? திருப்பத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினேன். உள்ளே படுக்கை இல்லை, வேலூருக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன், உன் அப்பாவிடமும் அதையே சொன்னேன். படுக்கை இருந்தது. நர்ஸ் சீட்டுப் போட ஆரம்பித்துவிட்டாள். வராந்தாவில் வந்துபோகும் டாக்டர்களின் பெயர்ப் பலகை இருந்தது. அதில் அவர் பெயர் இருந்தது. அவர் எலும்பு டாக்டர், உன் வயிற்றை அவர் பார்க்கப்போவதுகூட இல்லை. ஆனாலும் அந்தப் பெயருக்குக் கீழே என் பெண்ணைப் படுக்கவைக்க மாட்டேன் என்று, வலியில் கண்மூடிக் கிடந்த உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து வேலூர் போய்ச் சேர்வதற்குள் குடல்வால் வெடித்துவிட்டது. உன் வயிற்றில் இருக்கிற நீளத் தழும்பு அதனால் வந்தது. நேரத்தோடு வந்திருந்தால் சின்னக் கீறலோடு போயிருக்கும் என்று அங்கே டாக்டரம்மா சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டேன்.

அவர்மேல் இருந்த கோபத்தை உன் உடம்பில் காட்டினேன். அவருக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது. இதை எழுத மூன்று நாள் எடுத்தது. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. எனக்கே மன்னிக்கிற பழக்கம் இல்லாதபோது உன்னிடம் எந்த முகத்தோடு கேட்பது? ஆனால் வஞ்சம் வைத்திருப்பவள் என்னென்ன செய்வாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்து நான் கேட்கப்போவதற்குப் பதில் சொல்லும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்.

நீ பிளஸ் ஒன் படிக்கும்போது வேலூரில் தோற்றோம். உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டேன். வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு, "ஐகோர்ட்டு உங்க கைய பாக்காதும்மா. அவங்க எழுதுன பேப்பரத்தான் பாக்கும். எத்தன சதவீதம்னு அவங்க கணக்குப் போட மாட்டாங்க, அது டாக்டரு வேல. சட்டப்படி தப்பு இருந்தாத்தான் உள்ளவே நுழைய முடியும். பேப்பர்ல அப்பிடி ஒரு தப்ப காட்டுங்க, நான் போடறேன்" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. தோற்ற அலுப்பு. நான் வழக்குக் கட்டு முழுவதற்கும் நகல் வாங்கித் தரச் சொன்னேன். அதுவரை அறிக்கையின் முடிவுப் பக்கத்தை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

கட்டு வந்தது. உன் பள்ளிக்கூட இங்கிலீஷ் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தேன். வக்கீல், இரண்டு வாரியம், ஒரு நீதிமன்றம், எல்லாரும் பார்த்த காகிதம். முதல் பக்கத்தில் வலது கை மோதிர விரல் அடியோடு துண்டிக்கப்பட்டது என்று இருந்தது. சரி. இரண்டாம் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு ஒவ்வொரு விரலின் பெயர், அதற்கு எதிரே அது எவ்வளவு மடங்குகிறது என்று எழுதியிருந்தது. எல்லா விரலுக்கும் எதிரே ஒரே வார்த்தை. நார்மல். அந்த வார்த்தைக்கு எனக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. மோதிர விரலுக்கு எதிரேயும் நார்மல். இல்லாத விரல் முழுதாக மடங்குகிறது என்று அந்த ஆள் எழுதி, மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் சிரித்தேன், நந்தினி. அடுப்பங்கரையில் இருந்த உன் அப்பா பயந்துபோய் ஓடிவந்தார், அப்படிச் சிரித்தேன்.

மறுநாள் வக்கீலிடம் போய் அந்தக் கட்டத்தைக் காட்டினேன். "இத நான் பாத்திருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விட்டுவிட்டேன். தப்பு என்று ஒப்புக்கொண்டவரிடம் எனக்கு வழக்கு இல்லை.

உயர் நீதிமன்றத்தில் வழக்கு எடுக்கப்பட்டபோது நீ நர்சிங் இரண்டாம் வருஷம். நான் வர வேண்டியதில்லை என்றார் வக்கீல். போனேன். புடவைத் தலைப்பால் எப்போதும் மூடிவைக்கிற கையை அன்று திறந்து மடிமேல் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீதிபதி ஒருதரமும் என் பக்கம் பார்க்கவில்லை. வக்கீல் சொன்னது சரிதான், காகிதத்தைத்தான் பார்த்தார். பேச்செல்லாம் இங்கிலீஷில் நடந்தது, பிறகு வக்கீல் எனக்குச் சொன்னார். விரல் இல்லை என்று முதல் பக்கம் சொல்கிறது, அதே விரல் மடங்குகிறது என்று இரண்டாம் பக்கம் சொல்கிறது, இதில் எதை நான் நம்புவது என்று எதிர்த் தரப்பைக் கேட்டாராம். தட்டச்சுப் பிழை என்றார்களாம். ஒரே வார்த்தையை ஐந்து தரம் தட்டச்சு செய்தது பிழையா, பார்க்காமல் எழுதியதா, இதை மூன்று இடத்தில் படித்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லையா என்று கேட்டாராம். எனக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் எதிர் வக்கீல் காகிதத்தைத் திருப்பித் திருப்பித் தேடியதைப் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது.

தனக்குத்தானே முரணான, காரணம் சொல்லாத அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டது சட்டப்படி தவறு, எல்லாவற்றையும் ரத்து செய்கிறேன், வேறு டாக்டர்கள் கொண்ட புது வாரியம் ஒவ்வொரு மூட்டையும் அளந்து, காரணத்தோடு எழுத வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. கடைசியில் ஒரு வரி. தவறு வேலைப்பளுவால் நேர்ந்திருக்கலாம், அந்த மருத்துவரைப் பற்றி இந்த நீதிமன்றம் எதுவும் சொல்லவில்லை. வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் கேட்டேன்.

"அவருக்கு இன்னா சார்?"

"அவருக்கு இன்னாம்மா? அவரு இந்தக் கேசுல கட்சிக்காரரே இல்ல. அவருக்குத் தீர்ப்பு நகல்கூடப் போவாது."

புது வாரியத்தில் ஒரு டாக்டரம்மா என் கையைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாக மடக்கி, ஒரு கருவியை வைத்துக் கோணம் அளந்தார். சமைக்கிறீர்களா என்று கேட்கவில்லை. எப்படிச் சமைக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். முப்பத்து நான்கு சதவீதம் வந்தது. ஊரில் எல்லாரும் ஜெயித்துவிட்டாய் என்றார்கள். உன் அப்பா ஜீப்புக்காரர் முதல் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. நான் இத்தனை வருஷம் யாரோடு சண்டை போட்டேனோ அந்த ஆளுக்கு ஒரு சண்டை நடந்ததே தெரியாது. அவர் நிம்மதியாக ஓய்வு பெற்று, தனியார் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, என் பெண்ணிடம் பலாப்பழத்தைப் பற்றி விசாரிக்கிறார். புதூர்நாடு என்றால் அவருக்குப் பலா ஞாபகம் வருகிறது.

இனி உன் கேள்விக்குப் பதில். நீ யார் என்று அவரிடம் சொல்லாதே. நான் வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைக்கு என் பெயரில் டோக்கன் போட்டுவிட்டேன். எந்த மூட்டில் வலி என்று அந்தப் பெண் கேட்டாள், வந்து காட்டுகிறேன் என்றேன். நோயாளியாக வருகிறேன், பீஸ் கட்டிவிட்டுத்தான் உள்ளே வருவேன், அதனால் அவர் என் கையைத் தொட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்க்கச் சொல்வேன். பார்த்து முடித்ததும் இரண்டாம் பக்கத்தின் நகலை மேஜைமேல் வைத்து, படியுங்கள் சார் என்பேன். பக்கத்திலேயே தீர்ப்பின் நகலையும் வைப்பேன். கத்த மாட்டேன், சபிக்க மாட்டேன். அவர் படிக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர் முழுதாகப் படித்து முடிக்கிறவரை எழுந்திருக்க மாட்டேன். மன்னிப்புக் கேட்டால் வாங்கிக்கொள்வேனா என்று உன் அப்பா கேட்டார். தெரியாது என்றேன். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இதனால் உன் வேலைக்குக் கேடு வரலாம். அப்பாவும் அதைத்தான் சொல்கிறார். போன தரம் உன்னைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போனேன். இந்தத் தரம் கேட்கிறேன். கடிதத்தை ஜீப்புக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளையே உன் கைக்கு வந்துவிடும். வேண்டாம் என்றால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் போன் செய். ஏன் என்று கேட்க மாட்டேன், டோக்கனை ரத்து செய்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விடுவேன், உன்மேல் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்பட்டாலும் உனக்குத் தெரியாது.

போன் வராவிட்டால் முதல் ஜீப்பில் இறங்குவேன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவராதே, அம்மா என்று கூப்பிடாதே. மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். என் முறை வரும்போது ஃபைலில் இருக்கிறபடி இனிஷியலோடு என் பெயரைக் கூப்பிடு. உள்ளே இருக்கிற அவருக்கும் கேட்க வேண்டும், மெதுவாகக் கூப்பிடாதே.

அம்மா